சிங்க்ரோனஸ் சீரியல் லைன் வேலை செய்யவில்லையா? லினக்ஸில் அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் வழிமுறை

இது யாருக்கு: லினக்ஸ் பெட்டிக்குள் ஒரு சிங்க்ரோனஸ் கார்டு (பிசிஐ200சின், ஃபார்சிங்க், வான்எக்ஸ்எல், பழைய என்2, சி101 போன்றவை), அதிலிருந்து வி.35 அல்லது எக்ஸ்.21 கேபிள், அதன் மறுமுனையில் லீஸ்டு லைன் மோடம் அல்லது என்டியு (லைன் கொடுத்தவர்கள் உங்கள் பக்கம் வைக்கும் முனைக் கருவி), தொலைவில் பெரும்பாலும் ஒரு சிஸ்கோ ரூட்டர். வேகம் 64 கிலோபிட் முதல் 2 மெகாபிட் வரை. இன்டர்ஃபேஸ் பெயர் ஹெச்டிஎல்சி0 (ஹெச்டிஎல்சி என்பது தரவை ஃபிரேம் என்னும் துண்டுகளாக்கி லைனில் அனுப்பும் முறை), அமைப்பது செட்ஹெச்டிஎல்சி கருவியால். கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி எழுதியிருக்கிறது. தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

எதையும் மாற்றும் முன் ஒரு வேலை. இரு முனைகளிலும் கவுன்ட்டர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் "ஐபி -எஸ் -எஸ் லிங்க் ஷோ ஹெச்டிஎல்சி0", சிஸ்கோவில் "ஷோ இன்டர்ஃபேஸஸ் சீரியல்". 60 வினாடி கழித்து மறுபடி எடுங்கள். எந்த முனையில் எந்த எண் ஏறுகிறது என்பதுதான் இந்த வேலையில் பாதி. அது தெரியாமல் அமைப்பை மாற்ற ஆரம்பித்தால், இருந்த ஒரு பிழை மூன்றாகிவிடும்.

## அறிகுறி: இன்டர்ஃபேஸே எழவில்லை, கட்டளை மறுக்கப்படுகிறது

வரும் பிழைச் செய்தியே காரணத்தைச் சொல்லிவிடும்.

"ஃபங்ஷன் நாட் இம்ப்ளிமென்டட்" என்று வந்தால் நெறிமுறை எதையும் பொருத்தாமலே இன்டர்ஃபேஸை எழுப்பப் பார்க்கிறீர்கள். கெர்னலில் வசதி இல்லை என்று தப்பாகப் படித்து, கெர்னலை மறுபடி கம்பைல் செய்யப் போகிறவர்கள் உண்டு. தேவையில்லை. முதலில் சிஸ்கோ (சிஸ்கோவின் ஹெச்டிஎல்சி), பிபிபி, எஃப்ஆர் (ஃபிரேம் ரிலே) ஆகியவற்றில் ஒன்றைப் பொருத்துங்கள்.

"டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி" என்றால் இன்டர்ஃபேஸ் ஏற்கெனவே எழுந்திருக்கிறது. இறக்கிவிட்டுத்தான் நெறிமுறையை மாற்ற முடியும்.

"இன்வாலிட் ஆர்கியுமென்ட்" என்றால் அந்த நெறிமுறைக்கான மாட்யூல் ஏறவில்லை. ஹெச்டிஎல்சி_சிஸ்கோ, ஹெச்டிஎல்சி_பிபிபி, ஹெச்டிஎல்சி_எஃப்ஆர் ஆகியவை தனித்தனி மாட்யூல்கள். உங்களுக்கு வேண்டியதை மோட்புரோப் செய்யுங்கள்.

ஹெச்டிஎல்சி0 என்ற பெயரே காணோம் என்றால் கார்டின் டிரைவர் ஏறவில்லை. ஐஎஸ்ஏ கார்டுகளான என்2, சி101 தாமாக அகப்படாது. ஐஆர்கியூ எண்ணையும் நினைவக முகவரியையும் மாட்யூலுக்குக் கையால் கொடுக்க வேண்டும். கார்டில் உள்ள ஜம்பர் சொல்வதும் நீங்கள் கொடுப்பதும் ஒன்றாக இருக்கட்டும்.

சரியான வரிசை: இறக்கு, இணைப்பு வகை (வி35 அல்லது எக்ஸ்21), கிளாக், நெறிமுறை, பிறகு முகவரியோடு எழுப்பு. முகவரி கொடுக்கும்போது "பாயின்ட்டோபாயின்ட்" போட்டு எதிர்முனை முகவரியையும் சேர்த்துவிடுங்கள்.

## அறிகுறி: நோ-கேரியர்

டிமெசேஜில் (கெர்னலின் செய்திப் பதிவில்) "நோ கேரியர்" அல்லது "கேரியர் லாஸ்ட்" என்று நிற்கிறது. இதன் பொருள் ஒன்றுதான்: 109 என்ற சுற்று, அதாவது லைன் உயிரோடு இருக்கிறது என்று என்டியு சொல்லும் டிசிடி சிக்னல், கார்டுக்கு வந்து சேரவில்லை. மென்பொருளில் தேடாதீர்கள்.

என்டியுவின் லைன் விளக்கு எரியவில்லை அல்லது மின்னுகிறது. செம்புக் கம்பிப் பக்கம் ஒத்திசைவு இல்லை. சுவரில் உள்ள ரோசெட், கம்பி இணைப்பு, என்டியுவின் மின்சாரம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, லைன் கொடுத்தவர்களை அழைத்துவிடலாம். நீங்கள் செய்ய வேறொன்றும் இல்லை.

லைன் விளக்கு சரி, 109 விளக்கு அணைந்திருக்கிறது. சில என்டியுக்கள், டிடிஇ (கணினி, ரூட்டர்) பக்கத்திலிருந்து டிடிஆரும் (108) ஆர்டிஎஸ்ஸும் (105) வந்தால்தான் டிசிடியை உயர்த்தும். இன்டர்ஃபேஸை எழுப்பிவிட்டு 108, 105 விளக்குகளைப் பாருங்கள். எழுப்பியும் அவை எரியாவிட்டால் கேபிள் அல்லது கார்டு.

109 எரிகிறது, லினக்ஸ் இன்னும் நோ-கேரியர் என்கிறது. கேபிள். வி.35-இன் 34 முனை வின்செஸ்டர் பிளக்கில் முனை வளைந்துபோவது சகஜம்; டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு திருகுகளையும் கடைசிவரை முறுக்குங்கள். ஒரே சாக்கெட்டில் கேபிளைப் பொறுத்து வி.35 ஆகவும் எக்ஸ்.21 ஆகவும் மாறும் கார்டுகளில், கேபிளும் செட்ஹெச்டிஎல்சியில் கொடுத்த வகையும் ஒன்றா என்று பாருங்கள்.

மல்ட்டிமீட்டரால் உறுதி செய்யலாம். வி.35-இல் கட்டுப்பாட்டுக் கம்பிகள் சாதாரண மின்னழுத்த நிலையில் இருக்கின்றன. எஃப் முனைக்கும் (டிசிடி) பி முனைக்கும் (B, சிக்னல் எர்த்) இடையே +3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் டிசிடி வந்திருக்கிறது. மைனஸில் இருந்தால் வரவில்லை. சி முனை ஆர்டிஎஸ், டி (D) முனை சிடிஎஸ், இ முனை டிஎஸ்ஆர், ஹெச் முனை டிடிஆர். தரவு, கிளாக் ஜோடிகளை மட்டும் மல்ட்டிமீட்டரால் அளக்க முயலாதீர்கள். அங்கே பாதி வோல்ட் அளவுக்கு, மிக வேகமாகத் திசை மாறும் சிக்னல்தான் ஓடுகிறது. அதற்கு ஆசிலோஸ்கோப் வேண்டும்.

## அறிகுறி: கேரியர் உண்டு, ஆனால் டிஎக்ஸ் (அனுப்பிய) பாக்கெட் எண் நகரவே இல்லை

கிளாக். பத்தில் ஒன்பது முறை வேறு எதுவும் இல்லை.

பழைய டயல்-அப் மோடம்போல இங்கே தொடக்க பிட், நிறுத்த பிட் கிடையாது. பிட்டைத் தள்ளும் தாளம் தனிக் கம்பியில் வருகிறது. அது வராவிட்டால் கார்டு ஒரு பிட்டைக்கூட வெளியே விடாது. பாக்கெட்டுகள் கார்டின் வளையத்தில் நிரம்பி நிற்கும். சற்று நேரத்தில் "டிரான்ஸ்மிட் டைம்ட் அவுட்" என்று கெர்னல் புலம்பும்.

பார்க்க வேண்டியவை, செலவு குறைந்ததிலிருந்து:

1. என்டியுவோடு இணைந்திருந்தால் லினக்ஸ் பக்கம் "கிளாக் எக்ஸ்ட்" இருக்க வேண்டும். "கிளாக் இன்ட்" போட்டிருந்தால் டிஎக்ஸ் எண் ஏறும், ஆனால் எதிர்முனைக்குக் குப்பைதான் போகும்.
2. என்டியு இல்லாமல் இரண்டு பெட்டிகளை நேருக்கு நேர் கோர்த்திருந்தால், ஒன்று மட்டுமே கிளாக் தர வேண்டும். கேபிளின் டிசிஇ முனை (மோடம்போல நடந்து கிளாக் தரும் முனை) எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் "கிளாக் இன்ட் ரேட் 64000". சிஸ்கோவானால் "ஷோ கன்ட்ரோலர்ஸ் சீரியல்" முதல் சில வரிகளிலேயே கேபிள் டிசிஇயா டிடிஇயா என்று சொல்லிவிடும். டிசிஇ என்றால் அங்கேதான் "கிளாக் ரேட்" போட வேண்டும்.
3. கேபிளில் கிளாக் ஜோடி துண்டிப்பு. 34 முனை பிளக்கில் அனுப்பும் கிளாக் ஒய், ஏஏ முனைகளில்; பெறும் கிளாக் வி, எக்ஸ் முனைகளில். அனுப்பும் தரவு பி (P), எஸ். பெறும் தரவு ஆர், டி (T). பிளக்கைக் கழற்றிவிட்டு முனைக்கு முனை தொடர்ச்சி பாருங்கள். ஒரு ஜோடியில் ஒரே ஒரு கம்பி அறுந்தாலும் சில நேரம் பாதி உயிரோடு ஓடும். அதுதான் கண்டுபிடிக்கக் கடினமான வகை.
4. இவை எல்லாம் சரி என்றால் என்டியுவின் போர்ட் அமைப்பு. அதை மாற்றும் அதிகாரம் பெரும்பாலும் உங்களிடம் இருக்காது, அழையுங்கள்.

## அறிகுறி: டிஎக்ஸ் ஓடுகிறது, ஐபி லிங்க் "டார்மன்ட்" என்கிறது

நோ-கேரியருக்கும் டார்மன்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். டார்மன்ட் என்றால் மின்சிக்னல் சரி. மேலே உள்ள நெறிமுறை கைகுலுக்கவில்லை. சிஸ்கோவில் இதே நிலை "சீரியல் இஸ் அப், லைன் புரோட்டோகால் இஸ் டவுன்" என்று வரும்.

ஆர்எக்ஸ் (பெற்ற) எண் ஏறுகிறது. இரு முனைகளின் நெறிமுறையும் ஒன்றா? கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட லைனையே கேட்பது நம்பகம். "டிசிபிடம்ப் -ஐ ஹெச்டிஎல்சி0 -எக்ஸ்எக்ஸ்" போட்டு, வரும் ஃபிரேமின் முதல் பைட்டுகளைப் பாருங்கள்.

எஃப்எஃப் 03 சி0 21 என்று தொடங்கினால் எதிர்முனை பிபிபி பேசுகிறது. 0எஃப் 00 அல்லது 8எஃப் 00, அடுத்து 80 35 என்றால் சிஸ்கோ ஹெச்டிஎல்சியின் கீப்அலைவ் (உயிரோடு இருக்கிறேன் என்று அவ்வப்போது அனுப்பும் சிறு ஃபிரேம்). 00 01 03 08 என்று தொடங்கினால் ஃபிரேம் ரிலே, எல்எம்ஐ (அதன் நிலைச் செய்தி முறை) ஆன்சி அல்லது சிசிஐடிடி வகை. எஃப்சி எஃப்1 என்றால் ஃபிரேம் ரிலேயிலேயே சிஸ்கோ வகை எல்எம்ஐ. இதைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். சிஸ்கோ ரூட்டரில் எதுவும் சொல்லாவிட்டால் அது சிஸ்கோ ஹெச்டிஎல்சியில்தான் இருக்கும்.

நெறிமுறை ஒன்றாக இருந்தும் எழவில்லையா? சிஸ்கோ முறையில் எதிர்முனை "நோ கீப்அலைவ்" போட்டிருந்தால் லினக்ஸ் காலம் முழுக்கக் காத்துக்கொண்டே இருக்கும். அங்கே கீப்அலைவை மறுபடி போடச் சொல்லுங்கள். பிபிபி முறையில் எதிர்முனை பாப் அல்லது சாப் கேட்டால், கெர்னலுக்குள் இருக்கும் ஹெச்டிஎல்சி_பிபிபியால் அதைத் தர முடியாது. அதில் கடவுச்சொல் வசதியே கிடையாது. எதிர்முனையில் அந்தக் கட்டாயத்தை நீக்க வேண்டும். முடியாது என்றால் பிபிபிடி நிரலை "சிங்க்" விருப்பத்தோடு ஓட்டக்கூடிய சிங்க்லிங்க் வகைக் கார்டுக்குப் போக வேண்டும்.

ஆர்எக்ஸ் பூஜ்யத்தில் நிற்கிறது, பிழைக் கவுன்ட்டரும் நிற்கிறது. எதிர்முனை எதுவும் அனுப்பவில்லை, அல்லது நடுவில் அறுந்திருக்கிறது. என்டியுவில் லோக்கல் லூப் போடுங்கள். அந்தப் பொத்தான் எல்எல் என்று இருக்கும். நீங்கள் அனுப்பியது திரும்பி வந்து ஆர்எக்ஸும் ஏறினால் கார்டு, கேபிள், என்டியுவின் உங்கள் பக்கம் மூன்றும் சரி. பிறகு ரிமோட் லூப். அது திரும்பினால் லைனும் சரி. பிழை எதிர்முனைக் கட்டடத்துக்குள். லோக்கல் திரும்புகிறது, ரிமோட் திரும்பவில்லை என்றால் லைன்காரர்கள் வேலை.

ஆர்எக்ஸ் பூஜ்யம், பிழை மட்டும் ஏறுகிறது. என்கோடிங் (பிட்டை மின்சிக்னலாக்கும் முறை) பொருந்தவில்லை. ஒரு பக்கம் என்ஆர்இசட், மறுபக்கம் என்ஆர்இசட்ஐ என்றால் ஒரு ஃபிரேம்கூடத் தேறாது.

## அறிகுறி: "லிங்க் அப்" என்கிறது, ஆனால் பிங் போகவில்லை

முதலில் லூப்பைச் சந்தேகியுங்கள். லைன்காரர் சோதனைக்குப் போட்ட லூப்பை எடுக்க மறந்துவிட்டால், சிஸ்கோ "லூப்டு" என்று எழுதிக்காட்டும். லினக்ஸ் காட்டாது. அதன் சிஸ்கோ ஹெச்டிஎல்சி, திரும்பி வரும் வரிசை எண் தான் அனுப்பியதோடு பொருந்துகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. தன் குரலின் எதிரொலியையே பதிலாக எடுத்துக்கொண்டு "லிங்க் அப்" என்று சந்தோஷமாக அறிவித்துவிடும். சோதனை சுலபம்: பிங்கை ஓடவிட்டு டிசிபிடம்ப்பில் பாருங்கள். நீங்கள் அனுப்பிய எக்கோ ரிக்வெஸ்ட்டே உங்கள் முகவரியோடு உள்ளே வந்தால் லூப்.

லூப் இல்லை, ஃபிரேம் ரிலே என்றால் மூன்று இடங்கள். எல்எம்ஐ வகை இரு பக்கமும் ஒன்றா. டிஎல்சிஐ எண் (லைனுக்குள் ஓடும் தனி இணைப்பின் எண்) சரியா. சிஸ்கோவில் "என்காப்சுலேஷன் ஃபிரேம்-ரிலே ஐஇடிஎஃப்" என்று இருக்கிறதா. கடைசி ஒன்றில்தான் பலர் மாட்டுகிறார்கள். சிஸ்கோவின் இயல்பு அமைப்பு தன் சொந்த என்காப்சுலேஷன். லினக்ஸ் பேசுவது ஐஇடிஎஃப் முறை. எல்எம்ஐ இரண்டிலும் எழும், பிவிசி (அந்தத் தனி இணைப்பு) ஆக்டிவ் என்று காட்டும், ஆனால் ஒரு பாக்கெட் தேறாது. இரண்டு பெட்டிகளை நேருக்கு நேர் கோர்த்தால் ஒன்றில் "டிசிஇ" என்று சேர்க்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். முகவரி ஹெச்டிஎல்சி0-க்கு அல்ல, "கிரியேட்" கட்டளையால் உருவாகும் பிவிசி0-க்குத்தான்.

## அறிகுறி: ஓடுகிறது, ஆனால் சிஆர்சி பிழை ஏறுகிறது

சிஆர்சி பிழை என்றால் ஃபிரேம் வழியில் கெட்டுப்போய் வந்திருக்கிறது. இங்கேதான் ஆரம்பத்தில் எடுத்த இரு முனைக் கணக்கு உதவும்.

எதிர்முனையில் மட்டும் ஏறுகிறது, உங்களிடம் சுத்தம். உங்கள் அனுப்பும் திசை. காரணம் பெரும்பாலும் கிளாக்குக்கும் தரவுக்கும் இடையே நழுவல். என்டியு தரும் கிளாக் கேபிளில் வந்து, அதற்கேற்ப நீங்கள் தள்ளும் தரவு அதே கேபிளில் திரும்பிப் போகிறது. 2.048 மெகாபிட்டில் ஒரு பிட்டின் நீளம் 488 நானோவினாடி. கேபிளில் மீட்டருக்குச் சுமார் 5 நானோவினாடி என்றால் 15 மீட்டர் போய்வர 150. கார்டின் தாமதமும் சேர்ந்தால் பிட்டின் நடுவைத் தொட்டுவிடும். 64 கிலோபிட்டில் இதே கேபிள் எந்தச் சிக்கலும் தராது. எனவே "வேகத்தை உயர்த்தினோம், பிழை வந்தது" என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

குறைந்த செலவிலிருந்து: கேபிளைச் சுருக்குங்கள், 2 மெகாபிட்டில் 3 மீட்டர் போதுமானால் 15 மீட்டர் சுருட்டி வைக்காதீர்கள். அடுத்து, வந்த கிளாக்கைத் தரவோடு சேர்த்து யு, டபிள்யு முனைகள் வழியே திருப்பி அனுப்பும்படி கார்டை அமைத்து ("கிளாக் டிஎக்ஸ்ஃப்ரம்ஆர்எக்ஸ்"), என்டியுவை அந்தக் கிளாக்கை ஏற்கும்படி வைக்கச் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால் என்டியுவில் கிளாக்கைத் தலைகீழாக்கும் அமைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். எக்ஸ்.21-இல் இரு திசைக்கும் ஒரே கிளாக் என்பதால் அங்கே இந்தத் தொல்லை இன்னும் சீக்கிரம் தலைகாட்டும்.

உங்களிடம் மட்டும் ஏறுகிறது. கேபிளின் ஆர், டி (T), வி, எக்ஸ் முனைகள், பிறகு எர்த். என்டியு ஒரு மின்வழியிலும் சர்வர் வேறொரு யுபிஎஸ்ஸிலும் இருந்தால் இரண்டையும் ஒரே யுபிஎஸ்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். செலவில்லாத சோதனை.

இரு முனையிலும், கடிகாரம் வைத்ததுபோல் சீரான இடைவெளியில். ஸ்லிப். வழியில் எங்கோ இரண்டு தனித்தனி கிளாக்குகள் ஓடுகின்றன. இ1 (2.048 மெகாபிட்) லைனில் வித்தியாசம் பத்து லட்சத்தில் 1 பங்கு இருந்தாலே 125 வினாடிக்கு ஒரு ஃபிரேம் நழுவும். 50 பங்கு என்றால் இரண்டரை வினாடிக்கு ஒன்று. பிழைகளின் இடைவெளியை நிறுத்துக் கடிகாரத்தில் அளங்கள். மாறாத இடைவெளி என்றால் கம்பியில் குற்றமில்லை. உங்கள் கார்டும், நடுவில் ஜி.703 கன்வெர்ட்டர் இருந்தால் அதுவும், லைனிலிருந்து வரும் கிளாக்கையே எடுக்கட்டும். கன்வெர்ட்டரில் இன்டர்னல் என்று ஒரு சின்ன டிப் சுவிட்ச் நிற்பதுதான் வழக்கமான குற்றவாளி.

இரு முனையிலும், ஒழுங்கில்லாமல், மழைநாளில் அதிகம். செம்பு இணைப்பு. அழையுங்கள்.

சில வகைத் தரவு போகும்போது மட்டும். "பிங் -எஸ் 1400 -பி எஃப்எஃப்" போகிறது, "-பி 00" விழுகிறது என்றால் லைன் கோடிங். ஹெச்டிஎல்சி நீண்ட ஒன்றுகளின் நடுவே தானே பூஜ்யம் செருகிவிடும். நீண்ட பூஜ்யங்களை அப்படியே விட்டுவிடும். லைனில் ஹெச்டிபி3 இருக்க வேண்டிய இடத்தில் ஏஎம்ஐ இருந்தால் அந்தப் பூஜ்யங்களில் கிளாக் தொலைந்துபோகும். இந்த இரண்டு பிங் முடிவுகளை எழுதிக் கொடுத்தால் லைன்காரர் வாதம் செய்ய மாட்டார்.

சிஆர்சி சுத்தம், ஆனால் ஃபிஃபோ அல்லது ஓவர்ரன் ஏறுகிறது என்றால் லைனில் குறை இல்லை. பெட்டி கார்டைக் கவனிக்க நேரமில்லாமல் தவிக்கிறது. ஐஆர்கியூ பகிர்வைப் பாருங்கள்.

## அறிகுறி: சின்ன பாக்கெட் போகிறது, பெரியது போகவில்லை

எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு). லினக்ஸ் ஹெச்டிஎல்சியின் உச்சம் 1500 பைட். எதிர்முனையில் 4470 என்று இருந்தால் 1500-க்கு இறக்கச் சொல்லுங்கள். அதுவும் சரியாக இருந்தால் மேலே உள்ள சிஆர்சி பகுதிக்குத் திரும்புங்கள். பிட் பிழை பெரிய பாக்கெட்டைத்தான் முதலில் கடிக்கும்.

## அறிகுறி: எழுகிறது, விழுகிறது, மறுபடி எழுகிறது

டிமெசேஜில் "கேரியர் லாஸ்ட்" சேர்ந்து வருகிறதா? வந்தால் நோ-கேரியர் பகுதி. "லிங்க் டவுன்" மட்டும் என்றால் கீப்அலைவ்.

இயல்பு அமைப்பு "இன்டர்வல் 10 டைம்அவுட் 25". எதிர்முனை 30 வினாடிக்கு ஒருமுறை அனுப்பினால் நீங்கள் ஒவ்வொரு முறையும் 25-இல் விழுந்து 30-இல் எழுவீர்கள். இரு பக்கமும் 10 ஆக்குங்கள். வேலை நேரத்தில், லைன் நிரம்பும்போது மட்டும் விழுந்தால், டிசி கட்டளையால் யாராவது வரிசை முறையை மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். லினக்ஸ் கீப்அலைவுக்கு முன்னுரிமைக் குறி போட்டுத்தான் அனுப்புகிறது. அந்தக் குறியை மதிக்காத வரிசையில் அதுவும் தரவோடு நின்று சாகும்.

## அறிகுறி: ரொம்ப மெதுவு

லைன் உண்மையில் எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதை இரண்டு பிங்கில் கண்டுபிடிக்கலாம். லைன் காலியாக இருக்கும்போது "-எஸ் 56", பிறகு "-எஸ் 1400". இரண்டின் நேர வித்தியாசம் 64 கிலோபிட்டில் 336 மில்லிவினாடி, 2.048 மெகாபிட்டில் 10.5 மில்லிவினாடி வர வேண்டும். கணக்கு: 1344 பைட், எட்டு பிட், போக வர இரண்டு, வகுத்தல் வேகம். காசு 128-க்குக் கொடுத்து வித்தியாசம் 336 வந்தால், உங்களுக்குக் கிடைப்பது 64 தான். அழையுங்கள்.

வேகம் சரி, ஆனால் யாராவது கோப்பு இறக்கும்போது எல்லாமே உறைகிறது என்றால் வரிசை நீளம். 64 கிலோபிட்டில் ஒரு 1500 பைட் பாக்கெட் வெளியேற 187.5 மில்லிவினாடி. வரிசையில் 50 நின்றால் 9 வினாடிக்கு மேல். "டிஎக்ஸ்கியூலென் 10" என்று குறைத்து, மேலே எஸ்எஃப்கியூ (எல்லோருக்கும் சமமாக முறை கொடுக்கும் வரிசை) போடுங்கள்.

## சோலாரிஸ் பெட்டியானால்

பழைய சன் கணினிகளில் ஆன்போர்ட் போர்ட்டுக்கு "சின்கினிட் இசட்எஸ்ஹெச்0" கிளாக் மூலத்தையும் என்ஆர்இசட்ஐயையும் காட்டும், மாற்றும். "சின்க்லூப்" லூப் சோதனை ஓட்டும். "சின்க்ஸ்டாட்" தரும் அன்டர்ரன், ஓவர்ரன், அபார்ட், சிஆர்சி எண்களை மேலே சொன்ன அதே கிளைகளில் படிக்கலாம். அபார்ட் மட்டும் தனியாக ஏறினால் கிளாக் அல்லது என்ஆர்இசட்ஐ.

## எப்போது அழைப்பது, என்ன சொல்லி அழைப்பது

லோக்கல் லூப் சுத்தமாகத் திரும்புகிறது, ரிமோட் லூப்பில் பிழை. இதுதான் எல்லைக்கோடு. அதற்கு முன் அழைத்தால் "உங்கள் ரூட்டரைப் பாருங்கள்" என்பார்கள். பார்த்தாகிவிட்டது என்று நிரூபிக்க இந்த இரண்டு லூப் முடிவு போதும்.

அழைக்கும்போது பெர்ட் (பிட் பிழை விகித) சோதனை கேளுங்கள். 64 கிலோபிட்டுக்கு 2047 பிட் மாதிரி, 2 மெகாபிட்டுக்கு 2-இன் 15-ஆம் அடுக்கு கழித்தல் ஒன்று மாதிரி. குறைந்தது 15 நிமிடம். 64 கிலோபிட்டில் அது 5 கோடியே 76 லட்சம் பிட். இரண்டு நிமிடத்தில் "லைன் ஓகே" என்று வைத்துவிட்டால் விட்டுவிட்டு வரும் பிழை அகப்படாது. சோதனை முடிந்ததும் லூப்பை எடுத்துவிட்டார்களா என்று, அவர்கள் போனை வைக்கும் முன் டிசிபிடம்ப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.